நட்சத்திரத் தகடும் ஆறெழுத்து வியாபாரமும்

சென்ற திருக்கார்த்திகையன்று ஒரு கோயில் வாசலில் நடந்த வியாபாரத்தை நாம் கண்ணாரக் கண்டோம். ஒருவர் பாய் விரித்து உட்கார்ந்து, செப்புத் தகட்டில் இரண்டு முக்கோணங்களை ஒன்றின்மேல் ஒன்று தலைகீழாகப் போட்டு நட்சத்திரமாக்கி, அதன் ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்ற எழுத்துக்களை ஆறு வர்ணத்தில் தீட்டிக் கொண்டிருந்தார். சிவப்பெழுத்து சத்துரு நாசத்துக்காம், மஞ்சள் மங்களத்துக்காம், பச்சை பணத்துக்காம். விலை ரூ. 350. வலிப்பு நோயுள்ள பையனை இடுப்பில் வைத்திருந்த ஒரு கூலிக்காரத் தாய், முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்து ஒன்று வாங்கினார். எழுதினவர் பார்ப்பனரல்ல, நம்மவர்தான். வயிற்றுப் பிழைப்புக்கு அவர் எழுதுகிறார். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்த சாஸ்திரத்தோடுதான் நமக்கு வழக்கு.

இந்த நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? வானத்து நட்சத்திரத்துக்கு முனையே கிடையாது. அது சூரியனைப் போன்ற ஓர் உருண்டை; ஒளி நம் கண்ணுக்குள் சிதறுவதால்தான் முனை முனையாய்த் தெரிகின்றது. தகட்டிலுள்ளதோ காம்பஸ் வேலை. ஒரு வட்டம் போட்டு, காம்பஸை விரித்த அளவு மாறாமல் வட்டத்தின்மேல் அடி வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறு அடியில் புறப்பட்ட இடத்துக்கு வரும். புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று சேர்த்தால் நட்சத்திரம்! பள்ளிப் பிள்ளை செய்யும் இக்காரியத்துக்கு எந்த ரிஷியும் தபசு செய்ய வேண்டியதில்லை.

ஆகையால்தான் அது எல்லா நாட்டிலும் இருக்கின்றது. முஸ்லிம் நாடுகளில் அதற்குச் சுலைமானின் முத்திரை என்று பெயர். ஜெர்மனியில், பவேரியாவின் கிழக்கே ஓபர்ஃபால்ஸ் பக்கத்துக் கிராமங்களில் இதே அறுமுனை நட்சத்திரத்தை வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுகின்றார்கள். எதற்காக? “இன்று இவ்வீட்டில் பீர் கிடைக்கும்” என்று தெரிவிப்பதற்காக! இங்கே ஷட்கோணம், அங்கே சாராய விளம்பரம். கோட்டுக்கே மகிமை இருந்தால் பீர் குடிக்கப் போனவனுக்கல்லவா முருகன் காட்சி கொடுத்திருக்க வேண்டும்?

சிரிப்பது இருக்கட்டும். யூதர்கள் இதே உருவத்தை “தாவீதின் கேடயம்” என்றார்கள். 1941 செப்டம்பரில் ஹிட்லர் ஆட்சி ஓர் உத்தரவு போட்டது. 6 வயதுக்கு மேற்பட்ட யூதர் ஒவ்வொருவரும் உள்ளங்கையளவு மஞ்சள் நட்சத்திரத்தை, நடுவில் “யூதன்” என்று கறுப்பெழுத்துப் பொறித்து, இடது மார்பில் தைத்துக்கொண்டுதான் தெருவில் வரலாமென்பது உத்தரவு. மஞ்சள் வர்ணமும் இருந்தது, ஆறு முனையும் இருந்தது, எழுத்தும் இருந்தது. நம்மூர்த் தகட்டுக்குச் சொல்லுகிற லட்சணங்களில் எது குறைவு? கேடயம் கேடயமாயிற்றா? அந்த ஆட்சி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. இங்கே மங்களமான மஞ்சள் அங்கே மரண ஓலையாயிற்று. 1948இல் அதே நட்சத்திரம் நீல வர்ணத்தில் ஒரு ராஜ்யத்தின் கொடியில் ஏறிற்று. கோடு மாறவில்லை, அதை வைத்து மனிதன் செய்த காரியந்தான் மாறிற்று.

ஆறு என்ற எண்ணுக்குத்தான் விசேஷமென்பாருண்டு. கார்த்திகைப் பெண்கள் அறுவராம். ஆறு என்பது வெறுங்கண்ணின் கணக்கு. கலிலியோ 1610இல் வெளியிட்ட புத்தகத்தில், தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்து அக்கூட்டத்தில் 36 நட்சத்திரங்களை வரைந்து காட்டினார். இன்றைய கணக்கு ஆயிரத்துக்கு மேல். முகங்களையும் அதற்கேற்ப உயர்த்தச் சம்மதமா என்று கேட்கின்றோம். எழுத்தின் யோக்கியதையோ இன்னும் மோசம். ஆறெழுத்து மந்திரத்தில் ‘வ’ இரண்டு தரம் வருகின்றது. எண்ணிப் பார்த்தால் ஐந்தே எழுத்து!

“உங்கள் கொடியில் மட்டும் கறுப்பும் சிவப்பும் இல்லையா?” என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றது. இழிவுக்குக் கறுப்பு, அதைப் போக்கும் கிளர்ச்சிக்குச் சிவப்பு என்று நாமே கூடி வைத்துக்கொண்ட அடையாளம் அது. அதைக் கழுவின தண்ணீரைக் குடித்தால் பேதி நிற்குமென்று நாம் எவரிடமும் சொன்னதில்லை. கிழிந்தால் வேறு தைக்கின்றோம்.

நிற்க. அந்தத் தாயிடம் நாம் பேசினோம். வலிப்பு மூளையில் உண்டாகும் கோளாறு என்றும், மாத்திரையை நாள் தவறாமல் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுமென்றும் சொன்னோம். அம்மையார் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “காசு போட்டு வாங்கின தகட்டை என்னங்கய்யா செய்யறது?” என்றார். “பையனுக்கு எழுத்துப் பழக்க வைத்துக்கொள்ளுங்கள், அம்மா” என்றோம். மறு வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டுக் கூட்டிப் போனோம். ஒரு மாத மாத்திரைக்கு அங்கே ஒரு காசும் கேட்கவில்லை.