பெயரை வாங்கியவர்களும் பெயருக்கு உரியவர்களும்

கடந்த வாரம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பேச்சு கால்பந்தின் பக்கம் திரும்பியது. பொருளியல் பயிலும் நண்பர் ஒருவர் சொன்னார்: “தொலைக்காட்சிப் பணம் வராதிருந்தால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இன்று அருங்காட்சியகத்தில்தான் இருந்திருக்கும். மரபு, மரபு என்று புலம்புவது படித்தவர்களைப் பிடித்த பழம்பெருமை நோய்.” சுற்றி நின்ற பலர் தலையசைத்தனர். அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் ஆய்வு செய்துவரும் தமிழருக்கு இந்த வழக்கில் பரம்பரைப் பாத்தியதை ஏதுமில்லை. மேற்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்டோரை இங்கே ‘கோட்டி’ என்பார்கள் (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்). கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோரை ‘பாங்கால்’ என்பார்கள். ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு முன்னவர் ‘கேயேச்சி’ என்பார். பின்னவர் ‘காய்சி’ என்பார். முன்னவர் வெற்றியை இறாலுடன் கொண்டாடுவார். பின்னவர் இலிஷ் மீனுடன். முன்னவருக்கு மோகன் பகான், பின்னவருக்கு ஈஸ்ட் பெங்கால். மொழியியல் பயின்ற எனக்கு இந்த ஊரின் வட்டார வழக்குகளை முதலில் கற்பித்தது வகுப்பறையன்று, மைதானத்தின் மரப்பலகை இருக்கைகளே. நான் இரண்டுமல்லாதவன். ஆகவே என் மீது சாட்டத்தக்க பழம்பெருமை எதுவும் இல்லை.

இனி வரலாறு. மோகன் பகான் 1889இல் தோன்றியது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இல். ஈஸ்ட் பெங்கால் 1920இல். கொல்கத்தா கால்பந்து லீக் 1898 முதல் நடக்கிறது. 1911இல் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதை இங்கே பள்ளிப்பிள்ளையும் அறியும். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது சால்ட் லேக் அரங்கில் திரண்டவர்கள் 1,31,781 பேர். அந்தக் கூட்டத்தை எந்த விளம்பர நிறுவனமும் திரட்டவில்லை. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் தஞ்சாவூர்க்காரரான குலோத்துங்கனும் இருந்தார். ஆகவே இது வங்காளிகளின் குடும்ப விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்வதற்கும் இடமில்லை.

பணம் எப்போது வந்தது? 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐஎம்ஜி-ரிலையன்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்தது. அதன் விளைவாக 2014 அக்டோபரில் எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. அந்த எட்டும் அதற்கென்றே அமைக்கப்பட்ட அணிகள். கொல்கத்தாவின் பங்குக்கு ‘அட்லெடிகோ டி கொல்கத்தா’ வந்தது: மாட்ரிட்டிலிருந்து கடன் பெற்ற பெயர், நடுவில் ஒரு ஸ்பானிய வேற்றுமைச் சொல். 2015இல் மோகன் பகான் ஐ-லீக் வாகை சூடியது. ஆயினும் பெருந்திரையில் கொல்கத்தா என்றால் ஓராண்டுக் குழந்தையான அட்லெடிகோதான்.

இந்த லீகில் நுழைவதற்கு வெற்றி தகுதியாக வைக்கப்படவில்லை. 2017இல் மிசோரத்தின் ஐசால் அணி ஐ-லீகை வென்றது. மேலே செல்லப் படி இல்லை. 2019இல் கோயம்புத்தூரின் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி வென்றது. அதற்கும் படி இல்லை. அதே ஆண்டில்தான் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைத் தொடர் என அங்கீகாரம் பெற்றது. வாகை சூடிய மூன்றாம் ஆண்டில் சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லை. ஆட்டத்தில் வென்றவர் மேலே செல்வதற்கான விதி 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. பணம் திறமைக்கு வாய்ப்பளித்தது என்று வாதிடும் நண்பர்கள் இந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். மரபு காலாவதியான சரக்கு என்றால், 2020இல் அதை ஏன் அவ்வளவு அக்கறையுடன் வாங்கினார்கள்? கையில் ஏற்கெனவே கோப்பைகள் வென்ற ஓர் அணி இருந்தது. ஆனாலும் அதன் உரிமையாளர் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காடு பங்கு வாங்கினார். அதே ஆண்டு, நூற்றாண்டு கண்ட ஈஸ்ட் பெங்காலும் ஸ்ரீ சிமெண்ட்டின் முதலீட்டுடன் உள்ளே கொண்டுவரப்பட்டது. ஏனெனில் இரண்டும் மோதாத தொடர் கொல்கத்தாவில் விலைபோகவில்லை. தொலைக்காட்சி வாங்கியது மரபைத்தான். மரபா பணமா என்று கேள்வியை அமைப்பதே பிழை. விற்பவர் யார், எந்த நிபந்தனையில் விற்கிறார் என்றே கேட்க வேண்டும்.

நிபந்தனைகளின் தன்மையைப் பெயர்களே சொல்லும். மாட்ரிட் உறவு 2017இல் முறிந்தபோது அட்லெடிகோ ‘ஏடிகே’ என்று சுருங்கியது. விரிவாக்கம் இழந்த மூன்றெழுத்துச் சுருக்கம் அது. அதைத்தான் 131 ஆண்டுப் பழமையான பெயருக்கு முன்னொட்டாக மாட்டி ‘ஏடிகே மோகன் பகான்’ ஆக்கினார்கள். மூன்றாண்டுகள் ரசிகர்கள் ‘ரிமூவ் ஏடிகே’ என்று பதாகை பிடித்தார்கள். 2023இல் முன்னொட்டு போயிற்று. ‘சூப்பர் ஜயண்ட்’ என்று பின்னொட்டு வந்தது. அதே குழுமத்தின் லக்னோ கிரிக்கெட் அணியும் சூப்பர் ஜயண்ட்ஸ்தான். ஈஸ்ட் பெங்கால் ‘எஸ்சி ஈஸ்ட் பெங்கால்’ ஆனபோது அவ்வெழுத்துகள் ஸ்போர்ட்டிங் கிளப்பைக் குறிப்பதாகச் சொன்னார்கள். ஸ்ரீ சிமெண்ட்டின் முதலெழுத்துகளும் அவையே. கிழக்கு வங்கம் என்ற நிலம் அப்பெயரில் இன்று வரைபடத்தில் இல்லை. அகதியாக வந்த ஒரு தலைமுறைக்கு அந்தக் கிளப்பின் பெயர் ஒன்றே எஞ்சிய முகவரி. அந்த முகவரியை விற்பனைச் சின்னமாக மட்டுமே பார்த்தால் வரும் கோபத்தைப் பழம்பெருமை நோய் என்று கூறுவது எளிது, புரிந்துகொள்வது கடினம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கவில்லை. இந்தக் கிளப்புகளின் நிர்வாகம் தூய்மையின் சிகரமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1998லேயே யுபி குழுமம் இரண்டு கிளப்புகளிலும் பாதிப் பங்கு வாங்கியது. ஒரே மது நிறுவனத்தின் இரு பெயர்களைச் சுமந்துகொண்டு பரம வைரிகள் மோதினார்கள். 2021 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் வாசலில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று ஒரு சாரார், இடாதே என்று மறுசாரார்; முடிவில் காவலரின் தடியடி. மரபைக் காப்பதாகச் சொல்லும் நிர்வாகிகளும் மரபை முதலாக வைத்துப் பேரம் பேசியவர்களே. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து பெறத்தக்க முடிவு ரசிகருக்கு வாக்குரிமை வேண்டும் என்பதே. ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாற்றிக் கொடு என்பதாக அது எப்படி ஆகும்?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகங்களில் இருக்கும் நமக்கு நெருக்கமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் வட்டாரக் குழுமங்களாகப் பிரிந்து ஆடுவது நூற்றாண்டு வழக்கம். பக்கத்து மாநிலத்தோடு பகை, பேருந்துப் பயணத் தூரத்தில் எதிரி. அதுவே அதன் உயிர். 2022இல் ‘பிக் டென்’ குழுமம் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்ததாகச் செய்தி வந்தது. 2024க்குள் மேற்குக் கடற்கரையின் ‘பேக்-12’ குழுமத்திலிருந்து 12இல் 10 பல்கலைக்கழகங்கள் வெளியேறின, எஞ்சியவை இரண்டு. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று ‘அட்லாண்டிக் கடற்கரைக் குழுமத்தில்’ ஆடுகின்றன. பிக் டென் குழுமத்தில் 18 உறுப்பினர்கள். பத்து என்றால் பதினெட்டு, அட்லாண்டிக் என்றால் பசிபிக்! குறியும் குறிப்பொருளும் இவ்வளவு அப்பட்டமாக மணமுறிவு பெற்ற உதாரணம் சசூரின் மாணவர்களுக்கும் கிடைத்திராது. அங்கும் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயருக்குத்தான் விலை.

பணம் மரபைக் காப்பாற்றியது என்று சொல்லும் நண்பருக்கு இன்னொரு கேள்வி. அந்தப் பணம் இப்போது எங்கே? 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அதைப் புதுப்பிப்பது குறித்த தெளிவின்மையால் முந்தைய ஜூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் நம் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. வணிக உரிமைக்குக் கூட்டமைப்பு அறிவித்த ஏலத்துக்கு நவம்பர் 7 கெடு முடியும்வரை ஒருவர்கூட வரவில்லை. சம்பளம் எப்போது என்று தெரியாமல் தவித்தவர்கள் ஆட்டக்காரர்கள். பணத்துக்கு வெளியேறும் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ரசிகருக்கு அப்படியொரு நாள் கிடையாது.

2024 ஆகஸ்ட் 18ஐ நினைவூட்ட விரும்புகிறேன். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்ட துயரத்தில் நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அன்று நடக்கவிருந்த டியூராண்டு கோப்பை ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. ஆட்டமில்லாத அரங்கின் வெளியே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள். முகமதன் ரசிகர்களும் சேர்ந்தார்கள். நூறாண்டுப் பகைதான் அன்று நூறாண்டு அறிமுகமாக மாறியது. எதிரியின் பாட்டு, வசை, நிறம், கொடி எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களால்தான் ஒரு மாலைப்பொழுதுக்குள் அப்படிக் கைகோக்க முடியும். இதை எந்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது?

ஆகவே என் கோரிக்கை எளிது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கும் ஒன்று கூடுதலாக உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி, விதிவிலக்குகள் சிலவே. 2024 பிப்ரவரியில் ஒளிபரப்பு வருவாயில் தனியார் முதலீட்டாளருக்குப் பங்கு தரும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. பணம் அங்கும் புழங்குகிறது. ஆனால் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருகிறது. இங்கே அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது மூன்று நிபந்தனைகள் வேண்டும்: பெயரும் நிறமும் சின்னமும் விற்பனைக்கு அப்பாற்பட்டவை, அவற்றை மாற்ற உறுப்பினர் வாக்கெடுப்பு கட்டாயம், வென்ற அணி மேலேறவும் தோற்ற அணி கீழிறங்கவும் விதி நிலையானது. இவற்றை ஏற்கும் எந்த முதலாளியும் வரலாம், வரவேற்போம்.

தேநீர் இடைவேளை நண்பருக்கு: நீங்கள் சொன்ன அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. 2020இல் இந்தப் பெயர்களுக்கு ஒட்டினார்கள். உயிருள்ளதற்குத்தான் சந்தையில் விலை கேட்பார்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். அல்லது அடுத்த டெர்பிக்கு என்னோடு வாருங்கள், நுழைவுச்சீட்டு என் செலவு.