குறுகிய கால மனநல ஆலோசனை யாருக்கு ஏற்றது?

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் மனக்கலக்கமுற்றோரைக் காணும்போது இருவகைத் தவறுகளுக்கு ஆளாகக்கூடும். நான்கு ஆறுதல் மொழிகளால் யாவும் தீர்ந்துவிடும் என எண்ணுவது ஒன்று. எவரையும் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு சில அமர்வுகளில் முடிக்கும் குறுகிய கால ஆலோசனை.

இதன் பயனுக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனச்சோர்வுற்ற 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகள் வரை நடத்தினர். மூன்று மாதங்களில், ஆலோசனை பெற்றோரில் 64 சதவீதத்தினரும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 39 சதவீதத்தினரும் நோய் நீங்கினர். சோர்வினால் செயல் குறைகிறது. செயல் குறையச் சோர்வு மிகுகிறது. சிறு சிறு செயல்களால் இவ்வட்டத்தை அறுப்பதே அம்முறையின் அடிப்படை.

டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வோ எல்லையையும் காட்டிற்று. மாணவர் தாமே கூறிய பிரச்சினைகள், நூல்களை மட்டும் பெற்றோரைக் காட்டிலும், ஆலோசகரின் துணையோடு பெரிதும் குறைந்தன. ஆனால் பொதுவான மனநல அறிகுறிகளில் அத்தகைய தெளிவான வேறுபாடு ஆறாம் வாரத்தில் காணப்படவில்லை.

ஆகவே மூன்று கேள்விகள் முதலில் எழ வேண்டும். துன்பத்தை ஒரு வாக்கியத்தில் கூற இயலுமா? அது குறிப்பிட்டதொரு நிகழ்ச்சியையோ சூழலையோ ஒட்டியதா? அமர்வுகளுக்கிடையே ஒரு சிறு செயலையேனும் அவரால் செய்ய இயலுமா? வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் நகரிப் பக்கத்து மாணவன் தேர்வுக்கு அஞ்சுவானாயின் விடை பெரும்பாலும் 'ஆம்' என்பதே. அவனிடம் அவன் மனம் திறக்கும் மொழியிலேயே பேசுதல் வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், இல்லாத குரல்கள் கேட்டல், உணவும் உறக்கமும் அற்றுப்போதல், விடமுடியாத குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கு இம்முறை மட்டும் போதாது. இத்தகையோரைத் தாமதமின்றி மாவட்ட மருத்துவமனைக்கோ திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ அனுப்புதல் கடமை. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். வீட்டில் அடியுதை படுபவருக்கோ முதலில் பாதுகாப்பும், பின்னரே ஆலோசனையும் தேவை.

தீர்மானம் துன்புறுபவருடையது. எத்தனை அமர்வுகள், எதன் பொருட்டு என்பதை முன்னரே கூறி, அவர் இசைவைப் பெற வேண்டும். பாதி அமர்வுகள் கழிந்தும் மாற்றம் இல்லையேல் வேறு வழி தேடுதல் தோல்வியாகாது. பதிவேட்டில் 'முடிந்தது' என எழுதுவதற்காக ஒருவரை நான்காம் அமர்வோடு அனுப்பிவிடுவதே தோல்வி.