"ஜீன் வயசு 47"னு ரிப்போர்ட் வந்தா பிரஷர் மாத்திரையைக் குறைப்பீங்களா?

போன வாரம் ஒருத்தர் வந்தார். வயது 61. கையில் வழவழ பேப்பரில் ஒரு ரிப்போர்ட். "டாக்டர், என் ஜீன் வயசு 47தானாம். அதான் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்." பிபி பார்த்தேன். 178/104. மூணு வருஷமா 130ஐத் தாண்டாத மனுஷன்.

அவர் மேல எனக்குக் கோபமில்லை. அந்த எண்ணை அவருக்கு வித்தவங்க மேலதான்.

கொஞ்சம் பொறுமையா படிங்க. 2013இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி, டி.என்.ஏ.வில் 353 இடங்களில் இருக்கும் மெத்தில் குறிகளை வைத்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனா அதிலேயே, சோதித்த சாம்பிள்களில் பாதிக்குக் கணிப்பு 3.6 வருஷத்துக்கு மேல் பிசகியது. யார் மாத்திரையைக் குறைக்கலாம்னு சொல்ல அவர் அதை உருவாக்கவும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ஒரு ட்யூப் ரத்தத்தில் இருக்கிற கோடிக்கணக்கான வெள்ளணுக்களை மொத்தமா சேர்த்துத்தான் அந்த எண் வருது. அதாவது சராசரி. 40 பிள்ளைகளும் 50 மார்க் எடுத்தாலும் வகுப்புச் சராசரி 50. 20 பேர் சென்டம், 20 பேர் முட்டை வாங்கினாலும் அதே 50தான். ரெண்டும் ஒரே வகுப்பா? எந்த வாத்தியாரையாவது கேட்டுப் பாருங்க.

வயசாகும்போது செல்களுக்குள் இந்த ரெண்டாவது கதையும் நடக்குது. 2006இல் எலிகளின் இதயத் தசைச் செல்களைத் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தாங்க. இளம் எலியில் ஒரு மரபணு செல்லுக்குச் செல் ஏறக்குறைய ஒரே அளவில் வேலை செய்தது. கிழ எலியில் ஒரு செல்லில் கூடுதல், இன்னொன்றில் குறைவு. ஒரே தாளத்தில் துடிக்க வேண்டிய இதயத்தில் இது!

2017இல் நோய் எதிர்ப்பு டி செல்களிலும் இதே மாதிரிதான். தூண்டிவிட்டதும் இளம் எலியின் செல்கள் ஒரே மாதிரி கிளம்பின. கிழ எலியில் சிலது கிளம்பிச்சு, சிலது அரைகுறையா நின்னுடுச்சு.

அப்போ எல்லா உறுப்பிலும் இப்படித்தானா? அதுவும் இல்லை. 2007இல் எலியின் ரத்த ஸ்டெம் செல்களைப் பார்த்தப்போ இந்த ஏற்றத்தாழ்வு கூடவில்லை. 2022இல் பல ஆய்வுகளின் தரவுகளை மறுபடி அலசினவங்க, எல்லாத் திசுக்களிலும் ஒரே சீரா இது கூடுவதற்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினாங்க. ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. இவங்க மட்டும் அதுக்குள்ள 47னு பிரிண்ட் போட்டுக் கொடுத்துடுறாங்க. பிசகு எத்தனை வருஷம்னு அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை. நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"அப்போ அந்த டெஸ்ட் தண்டமா டாக்டர்?"னு கேப்பீங்க. ஆயிரம் பேரை ரெண்டு குழுவா பிரிச்சு ஒப்பிடுற ஆராய்ச்சிக்கு நல்லாவே பயன்படும். உங்க ஒருத்தர் மாத்திரைச் சீட்டில் அதுக்கு வேலையில்லை.

அவருக்குப் பழைய டோஸையே திரும்ப எழுதியிருக்கேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கேன். வரும்போது அந்த டெஸ்ட்டுக்குக் கட்டின பில்லையும் எடுத்துட்டு வாங்கன்னேன்.