மூடியைத் தூக்கிப் பாருங்கள்

"அக்கா, கார்கோ ஸ்கர்ட் வாங்க ஆசை. ஆனா தொடையில அவ்வளவு பெரிய பாக்கெட் வச்சா குண்டாத் தெரியுமேக்கா?" போன வாரம் காலை நிகழ்ச்சி முடிந்ததும் கிள்ளானிலிருந்து ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியவில்லை. அதனால் இந்த வாரம் இங்கே.

நான் இந்த ஸ்கர்ட்டுக்கு மாறியது நாகரிகத்துக்காக அல்ல. மூன்று வருடங்களுக்கு முன், விடியாத ஒரு காலையில், வேலைக்குப் போக வீட்டு வாசலில் காருக்காகக் காத்து நின்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தோளில் தொங்கிய கைப்பையை இழுத்தார்கள். நல்ல வேளை, வார் அறுந்தது. அறுந்திருக்காவிட்டால் சாலையில் நானும் இழுபட்டிருப்பேன். அடையாள அட்டை, வங்கி அட்டைகள், கைப்பேசி, வீட்டுச் சாவி எல்லாம் ஒரே நொடியில் போயின. ஒரு வாரம் அலைந்துதான் அத்தனையையும் மாற்றினேன்.

அம்மா அப்போது சொன்னார்: "உன் பாட்டி காச என்னைக்காவது வெளிய தொங்கவிட்டிருக்காங்களா?" பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கைலிக்கு மேல் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை. காசும் வெற்றிலையும் இடுப்பு மடியில். அதை யாரும் பறித்ததில்லை.

அன்றிலிருந்து கைப்பேசியும் அட்டையும் என் உடம்போடுதான் இருக்கும். இந்தத் தொடைப் பாக்கெட் ராணுவச் சீருடையிலிருந்து வந்தது. 1938இல் பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த காற்சட்டையில் இடது தொடையில் வரைபடம் வைக்க ஒரு பெரிய பை இருந்தது. 1942இல் அமெரிக்கப் பாராசூட் வீரர்களின் காற்சட்டையிலும் பெரிய பைகள் வந்தன. பொருள் வைக்கத்தான் அவை. இன்று கடைகளில் தொங்கும் பல ஸ்கர்ட்களில் இருப்பதோ வெறும் மூடி, அடியில் தையல். நூறு ரிங்கிட் கொடுத்து ஒரு துண்டுத் துணியை வாங்குகிறோம். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

அதனால் முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் கைப்பேசியை உள்ளே போட்டு நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட் மிகவும் கீழே இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் இடிக்கும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ பிளவு இல்லாத ஒடுக்கமான ஸ்கர்ட்டில் எல்.ஆர்.டி. படிக்கட்டு ஏறவே முடியாது. நீளம் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். அரசாங்க முகப்பிலிருந்து திருப்பி அனுப்பப்படும் தொல்லை இருக்காது.

தங்கையின் பயத்துக்கு வருகிறேன். பக்கங்களில் மடிப்பு வைத்துத் தைத்த பாக்கெட், காலியாக இருந்தாலும் புடைத்து நிற்கும். அதுவும் இடுப்பின் அகலமான இடத்திலேயே இருந்தால் நீங்கள் சொல்வது சரிதான், அகலமாகத்தான் காட்டும். தட்டையாக ஒட்டித் தைத்து, இடுப்புக்கு நன்றாகக் கீழே, கொஞ்சம் முன்பக்கம் தள்ளி வைத்ததைத் தேடுங்கள். அடர்நீலம், கறுப்பு, ஆலிவ் பச்சை எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் ஆலிவ் ஸ்கர்ட்டுக்கு அதே நிறச் சட்டை வேண்டாம். ஒரு பேரங்காடி வாசலில் ஒரு மாமா என்னிடம் வந்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்!

துணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கெட்டியான கேன்வஸ் நம் ஊர் மழைக்காலத்தில் லேசில் காயாது, இடுப்புப் பட்டியில் வாடை வந்துவிடும். மெல்லிய நைலான் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையில் ஒட்டும், சத்தமும் போடும். நைலான் ஸ்கர்ட்டோடு ஒருநாள் நிகழ்ச்சி நடத்தினேன். நாற்காலியில் அசையும்போதெல்லாம் மைக் பிடித்துவிட்டது. "அக்கா, முறுக்கு சாப்பிடுறீங்களா?" என்று ஒரு நேயர் செய்தி அனுப்பினார். நடுத்தரக் கனத்தில் சாய்கோடு நெசவுப் பருத்தி, அதில் கொஞ்சம் இழுபடும் நூல் கலந்திருந்தால் போதும். முழுப் பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்கக்கூடும், இடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே எடுங்கள்.

மேலே போடுவது எளிமையாக இருக்கட்டும். இடுப்புவரை நிற்கும் குட்டைக் குர்த்தி அழகு. தொடைவரை இறங்கும் குர்த்தி பாக்கெட்டை மூடிவிடும், அவசரத்துக்குக் கைப்பேசி எடுக்க முடியாது. ஜிமிக்கி போடலாமா என்று கேட்காதீர்கள், நான் தினமும் போடுகிறேன்.

என்னுடையது பண்டல் கடையில் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. தையல்காரக்காவிடம் கொடுத்து, பாக்கெட்டுக்கு உள்ளே ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று தைத்துக்கொண்டேன். அடையாள அட்டை அதில்தான் இருக்கிறது.

கிள்ளான் தங்கையே, கடைக்குப் போனால் எது வாங்கினாய் என்று ஒரு குரல் பதிவு போடு. மூடிக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் சொல்.