அந்த 45 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

இமாட்டினிப் பாடம் நடக்கும்போது வகுப்பில் எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம். 2001-இல் வந்த அந்த மாத்திரை, நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவை, தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற வியாதியாக மாற்றிவிட்டது. உண்மைதான். ஆனால் அதே குடும்பத்துப் போனாட்டினிப் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

டி315ஐ என்று ஒரு மரபணு மாற்றம். அது வந்துவிட்டால் அப்போதிருந்த மாத்திரை எதற்கும் நோய் மசியாது. போனாட்டினிப்புக்கு மசிந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2012 டிசம்பரில் விரைவு அனுமதி கொடுத்தது. முக்கிய ஆதாரம் 449 பேரிடம் நடந்த ஒரு சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து சாப்பிட்ட குழு கிடையாது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாதவர்களைக் காக்க வைப்பது கொடுமை.

பத்தே மாதத்தில் விபரீதம் வெளியே வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு... அந்தச் சோதனையில் சுமார் 24 சதவீதம் பேருக்குக் கடுமையான ரத்தக்குழாய்ப் பாதிப்பு என்று 2013 அக்டோபரில் எஃப்.டி.ஏ. சொன்னது. இன்னும் அதிக நாள் சாப்பிட்ட முதல் கட்டச் சோதனைக்காரர்களில் சுமார் 48 சதவீதம்! விற்பனை நின்றது. டிசம்பரில் கூடுதல் எச்சரிக்கைகளோடு திரும்ப அனுமதித்தார்கள்.

என் கேள்வி அளவைப் பற்றியது. கீமோதெரபி காலத்துப் பழக்கம் இது: அளவை ஏற்றிக்கொண்டே போ, உடம்பு தாங்கும் எல்லையில் நிறுத்து. சில மாதம் ஏற்றி முடிக்கும் மருந்துக்குச் சரி. வருஷக்கணக்கில் விழுங்கும் மாத்திரைக்கு? முதல் சில வாரம் தாங்கியதை வைத்து மூன்றாம் வருஷத்து ரத்தக்குழாயை எப்படிக் கணிப்பது? (எங்கள் தாத்தாவும் பீடி பிடிக்க ஆரம்பித்த முதல் மாதம் நன்றாகத்தான் இருந்திருப்பார்.)

பிறகுதான் ஆப்டிக் என்ற சோதனையில் 45, 30, 15 என்று மூன்று ஆரம்ப அளவுகளை ஒப்பிட்டார்கள். 45-இல் தொடங்கி, நோய் அடங்கியதும் 15-க்கு இறக்குவது என்ற முறை 2020 டிசம்பரில் மருந்துக் குறிப்பில் ஏறியது. எட்டு வருஷம்! டி315ஐ நோயாளிகளுக்கு உடனே மருந்தைக் கொடுத்துக்கொண்டே இந்த ஒப்பீட்டையும் அன்றே தொடங்கியிருக்கலாமே?

இன்னொன்று. நோய் புதிதாகக் கண்டவர்களிடம் இமாட்டினிப்போடு ஒப்பிட்ட எபிக் சோதனை 2013-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அதற்குள் போனாட்டினிப் பக்கம் 11 பேருக்குத் தமனி அடைப்பு, இமாட்டினிப் பக்கம் 3 பேருக்கு. நன்றாகக் கேட்கும் மருந்து கையில் இருந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கும் ஏன் முழுசாக 45 கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.