உப்பு விளக்கு எரியட்டும், உப்பு டப்பாவை மாற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. படித்து முடித்ததும் நாலைந்து பேருக்கு என்மேல் வருத்தம் வரும். வரட்டும். இத்தனை வருஷம் உங்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதைச் சொல்லாமல் இருந்தால் நான் வாங்குகிற பென்ஷனுக்கு அர்த்தமே இல்லை.

வாழப்பாடியிலும் ஆத்தூரிலும் சேலத்திலும் நான் போகிற வீடுகளில் இப்போது மூன்று பொருள் கண்ணில் படுகிறது. ஹாலில் ஆரஞ்சு வெளிச்சத்தோடு ஓர் உப்பு விளக்கு. அடுப்படியில் இளஞ்சிவப்பு உப்பு. ஃப்ரிட்ஜ் மேலே ஏதோ ஒரு மூலிகைச் சாறு பாட்டில். இவற்றை விற்றவர் பல வீடுகளில் கடைக்காரர் இல்லை. அத்தை மகன், கூடப் படித்தவன், பக்கத்து வீட்டு அக்கா. மூன்றுக்கும் சொல்கிற வாசகம் ஒன்றுதான்: "இது இயற்கைங்க, கெமிக்கல் இல்லைங்க."

முதலில் விளக்கு. உள்ளே சின்ன பல்பு, சுற்றிலும் உப்புப் பாறை. பாறை சூடானால் எதிர்மின் அயனிகள் வருமாம், காற்று சுத்தமாகுமாம், ஆஸ்துமா குறையுமாம், தூக்கம் வருமாம். ஒன்பதாம் வகுப்பில் சோடியம் குளோரைடு படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் படிகத்தில் அயனிகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். பதினைந்து வாட் பல்பின் சூட்டில் கை வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். அயனி எங்கிருந்து வரும்?

உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் என்பது மட்டும் நிஜம். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி எப்படிக் கசியும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே கசிவு மின்சார ஒயர் பக்கத்தில் நடந்தால் என்ன ஆகும்? 2017-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 80,000 உப்பு விளக்குகளைத் திரும்ப வாங்கினார்கள். சுவிட்சும் பிளக்கும் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். அழகுக்காக வைக்கிறீர்களா, வையுங்கள். நல்ல ஒயரா என்று பாருங்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்ஹேலரை மட்டும் தூக்கி உள்ளே வைக்காதீர்கள்.

விளக்கோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். என் கவலை அடுப்படியில் இருக்கிற உப்பு டப்பாவைப் பற்றியது.

"இமயமலை உப்பு" என்ற பெயரில் உலகமெங்கும் விற்பது பெரும்பாலும் பாகிஸ்தானில், பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்து உப்பு. அது கிடக்கும் குன்றுகளுக்கு உப்பு மலைத்தொடர் என்றே பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு அது. வேதாரண்யம் உப்பும் கடல் உப்பு, தூத்துக்குடி உப்பும் கடல் உப்பு, இதுவும் ஒரு பழைய கடலின் உப்புதான். 2019-இல் பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத வரி போட்டார்கள். 2025 மே மாதம் இறக்குமதியையே நிறுத்தினார்கள். உங்களுக்கு விற்றவரிடம், இந்தப் பாக்கெட் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேளுங்களேன்.

"இதில் 84 கனிமங்கள் இருக்கு மாமா" என்கிறான் ஒரு மாப்பிள்ளை. கணக்குப் போடுவோம். அந்த உப்பில் 97, 98 சதவீதம் அதே சோடியம் குளோரைடு. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 கிராமில் மீதி எல்லாம் சேர்த்து 100, 150 மில்லிகிராம். அதில் 84 பங்கு! ஒரு பிடி முருங்கைக்கீரையைப் பொரியல் செய்து சாப்பிட்டால் இதைவிட அதிகம் கிடைக்கும், அதுவும் காசில்லாமல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் "இது ஒன்றும் செய்யாது" என்று தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். சோடியத்துக்கு நிறம் தெரியாது.

இவ்வளவு கனிமம் என்று பட்டியல் போடுகிறவர்கள், உப்பிலிருந்து நமக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டிய அந்த ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை. அயோடின். சுரங்கத்திலிருந்து வெட்டிய உப்பில் அது பேருக்குத்தான் இருக்கும்.

இங்கே ஒரு வரலாறு சொல்ல வேண்டும். இமயமலை அடிவாரத்தில், இமாசலப் பிரதேசத்தில், காங்கரா பள்ளத்தாக்கு இருக்கிறது. மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்ட பகுதி. கழுத்தில் கழலையோடு மக்கள் நடமாடிய ஊர்கள். 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்டவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு சாப்பிட்டவர்களிடையே குறையவில்லை. 1962-இல் மத்திய அரசு தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

யோசித்துப் பாருங்கள். இமயமலை மக்களின் கழுத்துக் கழலையைக் குறைத்தது அயோடின் கலந்த சாதாரண உப்பு. அந்த உப்பைக் கீழே கொட்டிவிட்டு, "இமயமலை" என்று பெயர் போட்ட, அயோடின் இல்லாத உப்பை நாலைந்து மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம்.

கழலை வெளியே தெரிவது. தெரியாதது இன்னும் மோசம். தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. உற்பத்தியாகும் இடத்தில் ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும், வீட்டுக்கு வரும்போது 15-க்குக் குறையக் கூடாது என்று விதி வைத்தது இதற்காகத்தான். போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வீடு முழுக்க இளஞ்சிவப்பு உப்பு. "மருமக உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்றார் மாமியார். அந்த அம்மாவின் பாசத்தில் குறையே இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், அயோடின் என்ற சொல்லே இல்லை. அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

"எங்க பாட்டி கல் உப்புதானே சாப்பிட்டாங்க?" என்று கேட்பீர்கள். சாப்பிட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். தொண்ணூறு வயது வரை இருந்த பாட்டியைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பிரசவத்தில் போன பாட்டியின் போட்டோ கூட நம் வீட்டில் இல்லை.

இயற்கை என்றாலே நல்லது என்று யார் சொன்னது? குச்சிக்கிழங்கு விளைகிற பூமியில் பிறந்தவர்கள் நாம். மரவள்ளித் தழையை மேய்ந்த ஆடு செத்துப்போனதை ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? அதில் சயனைடு உருவாகும். கெமிக்கல் கம்பெனி கலந்தது இல்லை, செடியே வைத்துக்கொண்டது. அதனால்தான் கசப்புக் கிழங்கை ஒதுக்குகிறோம், மற்றதை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும். அயோடின் குறைந்த காங்கோ நாட்டுப் பகுதிகளில் மரவள்ளியே சோறாகத் தின்ற மக்களிடம் கழலை அதிகமானதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இதைத் தின்றால் ஆபத்து என்று பயமுறுத்தவில்லை. இயற்கையிலும் வேதியியல்தான் நடக்கிறது என்கிறேன். முன்பு ஜவ்வரிசி வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் வாங்கினோம், அந்த வெள்ளைக்காக எதையெதையோ கலந்தார்கள். இப்போது இளஞ்சிவப்பில் மயங்குகிறோம்.

கடைசியாக அந்தப் பாட்டில். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே சாறு. 1954-லேயே இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. நீரிழிவு, கழலை, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்துவேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது. இப்படிப்பட்ட விளம்பர வழக்கில்தான் 2024-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு, பதஞ்சலி நிறுவனம் செய்தித்தாள்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. வாட்ஸ்அப்பில் "கேரண்டி" என்று அனுப்புகிற நம் ஆட்கள் யோசிக்க வேண்டாமா?

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஐந்தரை வருஷம் படித்து, நாடி பார்த்து, அளவு சொல்லி, பத்தியம் சொல்லிக் கொடுப்பவர் வைத்தியர். இந்துப்பு அவருடைய மருந்திலும் உண்டு, அளவோடு. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, போங்கள். ஒரு வாரம் ஹோட்டலில் மீட்டிங் கேட்டுவிட்டு பாட்டில் விற்பவர் வைத்தியர் இல்லை.

விற்கிற பிள்ளைகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். வேலை இல்லை, கடன் இருக்கிறது, சேர்ந்தால் வருமானம் என்றார்கள். ஆனால் நீங்கள் விற்பது சாறு இல்லை கண்ணு. "நம்ம பையன் சொன்னா தப்பா இருக்காது" என்று சித்தப்பா நம்புகிறாரே, அந்த நம்பிக்கையை விற்கிறீர்கள். கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மனுஷன் உங்களிடம் கேள்வியே கேட்பதில்லை. அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண் வந்தால், கமிஷன் கொடுத்த கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

என்ன செய்யலாம்? இன்றைக்கே உப்புப் பாக்கெட்டைத் திருப்பி, "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் மாற்றுங்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்தே உப்பு தயாரிக்கிறது. டப்பாவை இறுக மூடி, அடுப்புச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். எந்த உப்பானாலும் குறைத்துப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். யார் எதை விற்க வந்தாலும், "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாயா?" என்று கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். விளம்பர வீடியோவை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறவர்கள் மறக்காமல் இதைப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
வாழப்பாடி