தமிழனின் மேன்முறையீடும் அயன்மொழித் தாள்களும்

குற்றவழக்கில் தண்டிக்கப்பெற்ற தமிழன் மேன்முறையீடு செய்தற்கு வேண்டும் தாள்கள் சிலவே. தீர்ப்பின் பிழைகளை எடுத்துரைக்கும் எழுத்து முறையீடு ஒன்று. மெய்ச்சான்று பெற்ற தீர்ப்புப்படி ஒன்று. வழக்கறிஞர்க்கு உரிமை தரும் தாளுக்கு இன்றும் 'வக்காலத்து' என்றே பெயர்! தண்டனையை நிறுத்திவைக்கத் தனி வேண்டுகை. நாள் கடந்திருப்பின் கரணியங் காட்டும் உறுதியுரை. அமர்வு மன்றத்திற்கு 30 நாள், உயர்முறை மன்றத்திற்கு 60 நாள். சாவுத்தண்டனையாயின் அங்கும் 30 நாளே. சிறையிலிருப்பவன் சிறை அலுவலர் வழியாகவே முறையீட்டை விடுக்கலாம்.

இத்தாள்களுள் எதனை அவன் தானே படித்தறிய இயலும்?

1.7.2024 முதல் நடப்பிலுள்ள குற்றவழக்கு நடைமுறைச் சட்டம் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா' எனத் தமிழன் நாவில் நுழையாப் பெயர் தாங்கியது. பெயர் கிடக்கட்டும். சிறைத்தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்புப்படியை உடனே விலையின்றித் தரல் வேண்டும் என்கின்றது அதன் 404-ஆம் பிரிவு. அவன் விரும்பிக் கேட்பின், இயலுமாயின் அவன் மொழியிலோ, இன்றேல் மன்றத்தின் மொழியிலோ பெயர்த்துத் தரல் வேண்டும் என்றுங் கூறுகின்றது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 363-ஆம் பிரிவும் இதனையே கூறிற்று. தமிழ்நாட்டுக் கீழமை மன்றங்களின் மொழி தமிழே. ஆகவே எவ்வழி நோக்கினும் அவனுக்குத் தமிழ்த் தீர்ப்பே உரியது. ஆயின், கேட்டால்தான் கிட்டும்! அவ்வுரிமையை அவனுக்கு அறிவுறுத்தும் வழக்கறிஞர் எத்துணைப் பேர்?

உயர்முறை மன்றத்திலோ, அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு ஆங்கிலத்தை அரியணையேற்றி வைத்துள்ளது. தமிழில் அழுது சான்று கூறிய தாயின் சொல் அங்கே ஆங்கிலமாகித்தான் வழக்குரையில் ஏறும். தன் உயிருக்கு மன்றாடும் முறையீட்டில் என்ன எழுதியுள்ளது என்று அறியாமலே மகன் கைச்சாத்திடுவான். ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன்னொப்புதலோடு மாநிலமொழிக்கு இடந்தரலாம் என்று அப்பிரிவே கூறுகின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்திக்கு அவ்விடம் வாய்த்தது. தமிழுக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. 2012-இல் அது மறுக்கப்பெற்றது. இந்திக்கு ஒரு முறை, தமிழுக்கு ஒரு முறையா?

தில்லியை மட்டும் சாடி அமைவதற்கில்லை. அமர்வு மன்றத்தில் இன்றே தமிழில் முறையிடலாம். அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை. அங்கும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெறுகின்றவர்கள் தமிழ் வழக்கறிஞர்களே.